ஒரு விநாடி முன்னால்

பி.யூ.சி.யில் பௌதிகத்தில் தோற்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் இருந்தது. மேலே போகிற கல்லுக்குப் புவியீர்ப்பை ப்ளஸ்ஸாகப் போடுவதா மைனஸாகப் போடுவதா என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. என் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்குத் தேர்வன்று அம்மை போட்டிருந்தது. முன்வரிசைப் பையன் ஒருவன் தேர்வுக்குப் போகிறேன் என்று கிளம்பி மாட்னிக்குப் போயிருந்தான். அண்ணாச்சியின் காரணம்தான் இதுவரை யாரிடமும் நான் கேள்விப்படாதது. கணக்கில் வந்த விடை எதையும் அவர் தள்ளமாட்டார்.

அறுபதுகளின் கடைசி அது. லஸ் முனையில் ஒரு தையல்கடைக்கு மேலே, மரப்படி ஏறிப்போனால் எங்கள் டுடோரியல் காலேஜ். காலேஜ் என்பது பெயர்ப்பலகையில்தான், மற்றபடி இரண்டு அறைகளும் ஒரு கரும்பலகையும். காலை ஆறரை மணி வகுப்பில் வேலைக்குப் போகிறவர்களும் என்னைப்போல வீட்டில் திட்டு வாங்குகிறவர்களும் இருந்தோம். அண்ணாச்சிக்கு அப்போது முப்பது, முப்பத்தொன்று இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தி. நகரில் தாய்மாமனின் பாத்திரக்கடையில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுகிற வேலை. பௌதிகத்தை ஐந்து தடவை எழுதித் தோற்றிருந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் இங்கே எழுதப் போவதில்லை. ஊரார் பெயரையெல்லாம் வெட்டியவர் தன் பெயரை ஒரு டம்ளரில்கூட வெட்டிக்கொண்டதில்லை. நான் எழுதினால் கூச்சப்படுவார்.

சார் கோபுரக் கணக்கு போட்ட நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாற்பத்தெட்டு அடி உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் விநாடிக்கு முப்பத்திரண்டு அடி வேகத்தில் நேர் மேலே எறியப்படுகிறது. அது எத்தனை விநாடியில் தரைக்கு வரும்? சூத்திரத்தில் போட்டால் விடை இரண்டு வரும். ஒன்று மூன்று விநாடி, மற்றது மைனஸ் ஒரு விநாடி. நேரம் மைனஸில் வராது, அடித்துத் தள்ளுங்கள் என்று சார் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். முப்பது பேரும் நோட்டில் கோடு இழுத்தோம். கடைசிப் பெஞ்சில் அண்ணாச்சி மெதுவாக எழுந்து நின்றார்.

"சார், அது என்ன தப்பு பண்ணிச்சு?"

எது என்று சார் கேட்டார்.

"அந்த மைனஸ் ஒண்ணு, சார். மூணு வந்த அதே வழியிலதான அதுவும் வந்திருக்கு. ஒண்ண உள்ள உக்கார வச்சிட்டு இன்னொண்ண வெளிய போன்னு எப்படிச் சொல்லுதது?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கல்லை எறிந்த பிறகுதான் கணக்கே ஆரம்பிக்கிறது, அதற்கு முன்னால் நடந்தது நமக்குத் தேவையில்லை என்று சார் பொறுமையாகத்தான் சொன்னார். அண்ணாச்சி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்துகொண்டே, "கல்லு அதுக்கு முன்னாலயும் இருந்திருக்கும்லா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எங்கள் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

எந்தக் கணக்கை எடுத்தாலும் அவருக்கு இதே தகராறுதான். 'ஓய்வுநிலையிலிருந்து புறப்படும் ஒரு ரயில்' என்று புத்தகத்தில் இருக்கும். ஓய்வு என்றால் அதற்கு முன்னால் ஓடியிருக்க வேண்டும் இல்லையா, எங்கேயிருந்து வந்து நின்றது என்பார். 'சீரான முடுக்கத்துடன் செல்லும் கார் ஒரு கம்பத்தைக் கடக்கும்போது' என்று இருந்தால், கம்பத்துக்கு வரும் முன்பே அது எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று கேட்காததையும் போட்டுப் பார்ப்பார். அண்ணாச்சி, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினால் போதாதா என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். கேட்பவர்களுக்கு அவசரம், கல்லுக்கு என்ன அவசரம் என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் என்றுதான் நினைத்தேன். அவருடைய கடைக்குப் போகும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்குகிற பைத்தியம் ஊரையே பிடித்து ஆட்டிய காலம் அது. அம்மாவும் இரண்டு பித்தளைக் குடங்களைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு என்னோடு தி. நகருக்குக் கிளம்பினாள். பனகல் பார்க்குக்குப் பக்கத்துத் தெருவில் கடை. வாசலோரம் பலகை போட்டு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். கையில் சின்ன உளி, சுத்தி. டிக்டிக்கென்று தட்டத் தட்ட எவர்சில்வர் விளிம்பில் புள்ளி புள்ளியாக எழுத்து விழுந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாள் பழைய கூஜா ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாள். அது உள்ளே உருக்கப்போகும் குவியலுக்குப் போக வேண்டியது. அண்ணாச்சி அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பி, கழுத்தில் இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார். "மு. அலமேலு." அப்புறம்தான் குவியலில் வைத்தார். அடுத்து ஒரு தாம்பாளம் வந்தது, அதையும் எடுத்துப் படித்துவிட்டு வைத்தார். கடையில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, பழகிப்போயிருக்கும்.

எதற்கு இப்படி என்று நான் கேட்டேன்.

"உருக்கப் போவுது தங்கச்சி. யாரு வீட்டுலயோ எத்தன வருசம் இருந்துச்சோ. கடைசியா ஒரு தடவ யாராவது பேரச் சொல்லிக் கூப்பிட வேண்டாமா?"

திரும்பி வரும் வழியில் அம்மா, டுடோரியலில் உன்னோடு படிக்கிறவர் இவர்தானா என்று இரண்டு தடவை கேட்டாள். பஸ் ஸ்டாண்டில் நான் ஒரு பாத்திரக்கடைக்காரரோடு நின்று பேசிக்கொண்டிருப்பதாக யாரோ அவளிடம் வத்தி வைத்திருந்தார்கள். மனுஷன் பார்த்தால் தங்கமாக இருக்கிறார் என்று அவளே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நாங்கள் பேசியதெல்லாம் கணக்குதான். அவருக்கு அல்ஜீப்ரா நொண்டியடிக்கும், எனக்கு அது மட்டும்தான் ஓடும். வகுப்பு முடிந்து அவருடைய பஸ் வருவதற்குள் அவர் நோட்டைத் திருத்திக் கொடுப்பேன். ஒருநாள் அவர் நோட்டை நீட்டவில்லை. கோபுரக் கணக்கையே இன்னும் நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அந்தக் கல் கோபுர உச்சிக்கு எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்திருக்க வேண்டும், அது எங்கே என்றுதான் தெரியவில்லை என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவர் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று நோட்டைப் பிடுங்கி, ஒரு விநாடி முன்னால் அந்தக் கல் எங்கே இருந்திருக்கும், என்ன வேகத்தில் இருந்திருக்கும் என்று போட்டேன்.

வேகம் அறுபத்துநாலு அடி என்று வந்தது. இடம் உச்சிக்கு நாற்பத்தெட்டு அடி கீழே. கோபுரத்தின் உயரமே நாற்பத்தெட்டு அடிதானே, அப்படியானால் அது தரை. தரையிலிருந்து அறுபத்துநாலு அடி வேகத்தில் யாரோ மேலே எறிந்திருந்தால், சரியாக ஒரு விநாடியில் அது கோபுர உச்சியை முப்பத்திரண்டு அடி வேகத்தில் தாண்டியிருக்கும். அதற்குப் பிறகு கணக்கில் சொன்ன கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் இம்மி வித்தியாசம் கிடையாது. திரும்ப வந்து தரையில் விழும் வேகத்தையும் போட்டுப் பார்த்தேன். அதுவும் அறுபத்துநாலு. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை பௌதிகம் எனக்கு ஒரு வியாதி மாதிரிதான் இருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது அழகாக இருந்தது.

அண்ணாச்சி நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அவருடைய பஸ் வந்து நின்று போயும் விட்டது.

"மேல நின்னவன் எறிஞ்சான்னு எழுதிட்டாவ. கீழ ஒருத்தன் எறிஞ்சிருந்தாலும் இதே கல்லு இதே மாதிரித்தான் வந்திருக்கும். அவனத்தான் தங்கச்சி நாம அடிச்சுத் தள்ளுதோம்."

சந்தோஷம் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மைனஸைத் தள்ளக்கூடாது என்பதற்குக் காரணம் தெரியாமலே ஐந்து தடவை கோட்டை விட்டவர், காரணம் தெரிந்ததும் என்ன செய்வார்? மாதிரித் தேர்வில் இதே மாதிரி ஒரு கணக்கு வந்தது. மைனஸ் விடைக்காக மூன்று பக்கம் எழுதி, படம் போட்டு, கீழே நிற்கிற ஆளையும் வரைந்து வைத்திருந்தார். கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே நேரம் இல்லை. பாஸ் மார்க்குக்கு நாலு மார்க் குறைந்தது.

செப்டம்பர் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அடுத்த வருஷம் பாடத்திட்டம் மாறுகிறது, அடியும் பவுண்டும் போய் மீட்டர் வருகிறது, பழைய பாடத்தில் எழுத இதுதான் கடைசித் தடவை என்று சொல்லிவிட்டார்கள். இதில் போனால் அவர் பாஸ் செய்துவைத்திருந்த மற்ற பாடங்களையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அவருடைய மாமாவும் இந்தத் தேர்வுவரைக்கும்தான் காலையில் விடுவேன், அப்புறம் படிப்புப் பேச்சை எடுக்கக்கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார். தேறிவிட்டால் ஈவினிங் காலேஜில் பி.எஸ்சி. சேர வேண்டும் என்பது அண்ணாச்சிக்குப் பன்னிரண்டு வருஷத்து ஆசை. அப்பா போனதும் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ரயிலேறி வந்தவர் அவர்.

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அண்ணாச்சியின் தேர்வுத்தாள் அவர் கையில் இருந்தது.

"இவன் எழுதினது அத்தனையும் சரி. ஆனா சரியா இருக்கிறதுக்கு மார்க் கிடையாது, கேட்டதுக்குத்தான் மார்க். நான் சொன்னா கேக்கமாட்டான். நீ சொல்லு."

நான் சொன்னேன். மயிலாப்பூர் தெப்பக்குளத்துக் கரையில் நிற்கவைத்துச் சொன்னேன். கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், கபாலி மேல் சத்தியம் செய்யுங்கள் என்றேன். சாமியை எல்லாம் இதில் இழுக்க வேண்டாம் என்றார். தேர்வு மண்டபத்தில் ஒரு கோடு இழுப்பதில் என்ன குடி முழுகிப்போகிறது, வெளியே வந்து நூறு தடவை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று கத்தியேவிட்டேன். எனக்குப் பதினெட்டு வயது, எல்லாம் தெரிந்த வயது. அவர் குளத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி தங்கச்சி, தள்ளிடுதேன்" என்றார்.

தேர்வில் அதே கணக்கு வந்தது, எண்கள்தான் வேறு. எழுதும்போது எனக்கு என் தாளில் கவனமே இல்லை. மணி அடித்ததும் வெளியே ஓடி வந்து வாசலில் அவரைப் பிடித்தேன். விரலெல்லாம் மையாக நின்றுகொண்டிருந்தார். எல்லாக் கேள்வியும் எழுதினீர்களா என்றேன். எழுதினேன் என்றார். மைனஸ் வந்ததா என்றேன்.

"வந்துச்சு. கோடு போட்டுத் தள்ளிட்டேன். ஏற்கத்தக்கதல்லன்னு பக்கத்துல எழுதவும் செஞ்சிட்டேன்."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவர் முகத்தை நான் கவனிக்கவில்லை என்று எழுதினால் பொய். கவனித்தேன், கவனித்தும் சும்மா இருந்தேன். ஆறு தடவையில் முதல்முறையாக முழுத்தாளையும் எழுதி முடித்த மனுஷனின் முகம் மாதிரி அது இல்லை.

இரண்டு பேரும் தேறினோம். அண்ணாச்சி சாருக்கு ஒரு எவர்சில்வர் டவரா டம்ளரில் பெயர் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் பௌதிகம் எடுத்து மகளிர் கல்லூரிக்கும் அவர் ஈவினிங் காலேஜுக்கும் போனோம். டம்ளர் கொடுத்த அன்று மரப்படியில் இறங்கும்போது, "பாஸாயிட்டோம் தங்கச்சி. அந்த ஒரு செகண்டுதான் பாவம்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாலு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பாத்திரம் வாங்க அம்மா வேறு கடைக்குப் போகவே மாட்டேன் என்றாள். அண்ணாச்சி அதே பலகையில் அதே உளியோடு இருந்தார். தலையில் கொஞ்சம் நரை வந்திருந்தது. பி.எஸ்சி. முடித்துவிட்டார், வாத்தியார் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். கல்யாணச் செய்தி கேட்டு அவருக்கு இருந்த சந்தோஷத்தில் மாமாவிடம் சொல்லி எங்களுக்குக் கலர் சோடா வரவழைத்தார். அண்டா, தூக்கு, தாம்பாளம், மூடி போட்ட பெரிய அரிசி டிரம் எல்லாம் வரிசையாக அவர் முன்னால் வந்து உட்கார்ந்தன. பென்சிலை எடுத்து, "ரா. வசந்தாதான?" என்றார். ரா என்பது என் அப்பா ராமநாதனின் ரா.

அம்மா குறுக்கிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"ரா இல்லே. கி. வசந்தான்னு போடுங்கோ. மாப்பிள்ளை பேர் கிருஷ்ணமூர்த்தி. இனிமே இவ அவா ஆத்துப் பொண்ணுன்னா."

அண்ணாச்சி பென்சிலை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப ராவைத் தள்ளிடட்டுமா தங்கச்சி?"

கல்யாணப் பெண்ணின் அசட்டுக் களிப்பில் இருந்தேன். தள்ளிடுங்க அண்ணாச்சி என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை.

அவர் வெட்ட ஆரம்பித்தார். அண்டாவும் தூக்கும் தாம்பாளமும் மளமளவென்று முடிந்தன. டிரம்மை மட்டும் வாசலில் வெட்ட வசதியில்லை என்று உள்ளே எடுத்துக்கொண்டு போனார். டிக்டிக் சத்தம் வந்துகொண்டே இருந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஒரு பேருக்கு இத்தனை நாழியா என்று அம்மா முணுமுணுத்தாள். வெளியே கொண்டுவந்து வைத்தபோது மூடியிலும் விளிம்பிலும் கி. வசந்தா என்று முத்து முத்தாக இருந்தது. நன்றாக இருங்கள் என்றார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. அடுத்த வருஷம் போனபோது ஊர்ப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு சயின்ஸ் வாத்தியாராகப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பலகையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்.

புகுந்த வீடு மயிலாப்பூரிலேயே நாலு தெரு தள்ளி. பெரிய குடும்பம். எனக்கு மன்னி என்று பெயர், சித்தி என்று பெயர், கிருஷ்ணமூர்த்தி ஆத்துக்காரி என்று பெயர். ரேஷன் கார்டில் கி. வசந்தா. யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பௌதிகத்தில் நான் பட்டம் வாங்கியது மட்டும் அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. நாளடைவில் எனக்கும் அது மறந்துபோனது. மைத்துனர் பிள்ளைகள் கணக்கோடு வந்து நின்றால், உங்கள் சித்தப்பாவைக் கேளுங்கள் என்று சொல்லும் அளவுக்கு மறந்துபோனது.

ஐந்து வருஷம் கழித்து நாங்கள் அடையாறில் தனிக்குடித்தனம் போனோம். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த அன்று காலையில் அரிசியைக் கோணியில் கொட்டிவிட்டு, அடியில் ஒட்டியிருந்த நொய்யைத் தட்டுவதற்காக டிரம்மைக் கவிழ்த்தேன். வைத்த இடத்தைவிட்டு அது நகர்ந்ததே இல்லை. அதன் அடிப்பாகத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். தூசி படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தபோது விரலில் ஏதோ நெருடியது. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். யார் கண்ணுக்கும் படாத நட்டநடுவில், சின்னச் சின்னப் புள்ளிகளாக, அவசரமே படாத கை வெட்டிய எழுத்து.

ரா. வசந்தா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தள்ளிடுங்க என்று நான்தான் சொன்னேன், இரண்டு தடவையும் நான்தான் சொன்னேன். முதல் தடவை எனக்காகத் தள்ளினார். இரண்டாவது தடவை அவர் என் பேச்சைக் கேட்கவில்லை.

கூடத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்த என் கணவர், டிரம் காலியாகிவிட்டதா என்று குரல் கொடுத்தார். இன்னும் ஒரு நிமிஷம் என்றேன். டிரம்மை மடியில் சாய்த்துக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பி, அந்தப் பெயரை வாய்விட்டு ஒரு தடவை படித்தேன்.